வழியனுப்பும் அறை

எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் கிளம்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. "சரி, நான் கிளம்பறேன்" என்று ஒருவர் சொன்னால், இனிமேல்தான் அவர் சௌகரியமாக உட்காரப் போகிறார் என்று அர்த்தம். அதுவரை வெயிலையும் முதுகுவலியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற பிறகுதான் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானது, யார் யாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்ற விஷயங்களையே அவிழ்ப்பார்கள். வாசலில் பேசி முடித்து கேட்டுக்குப் போவதற்குள் அம்மா உள்ளே ஓடி ஒரு டப்பாவோடு வருவாள். வேண்டாம் என்று கிளம்புகிறவர் சொல்ல வேண்டும். அம்மா திணிக்க வேண்டும். சண்டை போடுகிறார்கள் என்று எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். அப்பா மருந்துக்கடைக்காரர், எதையும் சரிபார்க்காமல் அவரால் ஆளை அனுப்ப முடியாது. பையைத் திறக்கச் சொல்லி, "எல்லாம் எடுத்துக்கிட்டியா? சார்ஜர் எடுத்தியா?" என்று கேட்பார். பக்கத்துத் தெருவுக்குப் போகிறவரிடமும் கேட்பார்.

இதில் மாமா தனி ரகம். அம்மாவின் தம்பியான அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டியைக் கிளப்பச் சொல்லிக்கொடுத்தவர், தான் மட்டும் கிளம்ப மாட்டார். கார் கதவைப் பாதி திறந்து, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார். வீட்டில் அவருக்கு அரைக்கதவு என்றுதான் பெயர்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் என் தங்கை எப்படி வந்து பிறந்தாள் என்று தெரியவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியில், மாமாவின் காரிலேயே பிறந்துவிட்டவள் அவள். அன்றைக்கே அவசரம் என்று பெயர் விழுந்துவிட்டது. அவசரம் குளிக்கிறாள், அவசரம் தூங்குகிறாள் என்று நாங்கள் பேசுவதைக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் குழம்புவார்கள். அவள் லிஃப்ட் மெக்கானிக். கதவு மூடுவதற்குள் பேச்சை முடிக்கிறவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்கும். அப்படி எங்கள் வீட்டில் ஒருவரும் கிடையாது.

போன வருஷம் வெளியூரில் ஒரு பெரிய லிஃப்ட் கம்பெனியில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. குடும்பமே ரயில் நிலையத்துக்குப் போய் வழியனுப்பினோம். அவள் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தும் விட்டாள். அம்மாதான், கடைசியாக ஒரு விஷயம் காதோடு சொல்ல வேண்டும் என்று அவளைக் கீழே இறக்கினாள். அந்த விஷயம் முடியவில்லை. பெட்டி ரயிலில் போய்விட்டது. அவசரம் கையில் டப்பாவோடு நடைமேடையில் நின்றாள். மாமா காரில் ரயிலை விரட்டிப் பிடிக்கலாம் என்றார், ஆனால் அவர் கிளம்புவதற்குள் ரயில் அடுத்த ஊரைத் தாண்டிவிட்டது. வேலை போனது. ஒரு வாரம் அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா அதைவிட அதிக நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள்.

அதே கம்பெனி இந்த வருஷம் வெளிநாட்டில் வேலை கொடுத்திருந்தது. இரண்டு வருஷம். இந்தமுறை விமானம். இதையும் கோட்டைவிட்டால் அந்தக் கம்பெனி அவளை மறுபடி கூப்பிடாது. அதனால் அவசரம் அம்மாவின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். விமான நிலையத்துக்கு யாரும் வரக் கூடாது. டப்பா கூடாது. காதோடு சொல்லும் விஷயம் எதுவும் கூடாது. "போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அம்மா சத்தியம் செய்தாள். செய்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்த முகம் அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

விமானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அதே ஞாயிறுதான் எங்கள் கலை அருங்காட்சியகத்தில் உலகக் கலாச்சாரக் குடும்ப விழா. நான் அங்கே குடும்ப நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன், அதனால் எனக்கு லீவு கிடையாது. எல்லோரும் விழாவுக்கு வருவது, அவசரம் அங்கிருந்தே டாக்ஸி பிடித்துப் போய்விடுவது என்று ஏற்பாடு. குடும்பத்தை அவளிடமிருந்து தள்ளி வைக்கும் பொறுப்பு எனக்கு. சொந்த அம்மாவுக்கு எதிராக என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டாள் பாருங்கள்.

விழாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கலந்துகொள்கிறவர்கள் வாடகைக்கு எடுத்த பளபளப்பான உடுப்பில் வருவார்கள், ஒலிநாடாவுக்கு ஆடிவிட்டுப் போவார்கள். பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போனது. இந்த வருஷம் நான் ஒரு விதி போட்டேன். ஒரு குடும்பம் தன் வீட்டில் நிஜமாகவே என்ன செய்யுமோ அதைத்தான் காட்ட வேண்டும். பெரிய மேடம், அதாவது எங்கள் இயக்குநர், இதற்குச் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் நடப்பதைப் பார்க்க யார் இவ்வளவு தூரம் வருவார்கள் என்று கேட்டார். நான் விடாமல் நச்சரித்துச் சம்மதம் வாங்கினேன்.

அன்று காலை கீழ்க்கூடத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை தோறும் செய்வதுபோல வீட்டு சைக்கிள்களையெல்லாம் வரிசையாக நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தது. இன்னொரு குடும்பத்தார் படுக்கை விரிப்புகளை எதிரும் புதிருமாக நின்று மடித்தார்கள், மடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒருவர் மூக்கை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். ஓர் அம்மாவும் அவர் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சடை பின்ன, பார்க்க வந்த குழந்தைகளெல்லாம் அந்த வட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் யார் சடை யார் கையில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கே பார்த்தாலும் சோப்பு நுரை, சிரிப்பு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் முதல் மாடியிலிருந்து செய்தி வந்தது. மாடியில் இருப்பது உருவப்பட அறை. சிரித்தால் அடி விழும் என்று யாரோ மிரட்டி உட்காரவைத்ததுபோல, பழங்காலக் குடும்பங்கள் சுவர் முழுக்க முறைத்துக்கொண்டிருக்கும். அந்த அறையை ஒரு பாட்டுக் குடும்பத்துக்கு ஒதுக்கியிருந்தேன். தினமும் சாப்பிடுவதற்கு முன்னால் சேர்ந்து பாடுகிறவர்கள். வந்திருந்தார்கள், எல்லோரும் வந்திருந்தார்கள், எல்லோர் கழுத்திலும் மஃப்ளர். அப்பாக்காரர் வாயைத் திறந்து காட்டினார். வெறும் காற்றுதான் வந்தது. ஒருவருக்குத் தொண்டை கட்டி, சேர்ந்து பாடிப் பாடியே வீடு முழுக்கப் பரப்பிக்கொண்டுவிட்டார்கள். அவர்கள் கைகூப்பி மன்னிப்புக் கேட்ட விதத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

பெரிய மேடம் வந்து பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அறையை ஏதாவது வைத்து நிரப்பு, இல்லையென்றால் பூட்டிவிடு, அறையைப் பூட்டினால் அடுத்த வருஷம் உன் விதியையும் சேர்த்துப் பூட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அந்தக் காலி அறையில் நின்று விழித்துக்கொண்டிருந்தபோது என் குடும்பம் உள்ளே நுழைந்தது. அப்பா சுவரைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கெல்லாம் வயிற்றுக்கோளாறு இருந்திருக்கும் என்றார். மாமா ஓவியங்களை ஏற்றி இறக்கும் தள்ளுவண்டியைக் கண்டுபிடித்து அதன்மேல் கைவைத்தபடி நின்றார். சக்கரம் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை போகும். அம்மா தூக்கிய முகத்தோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் டப்பா இருப்பது எனக்குத் தெரிந்தது. டப்பா கூடாது என்றுதானே சத்தியம், கொண்டுவரக் கூடாது என்று இல்லையே என்று அவள் மனதுக்குள் வாதாடியிருப்பாள். அவசரம் மட்டும் ஊர்க்கவலை எதுவும் இல்லாமல் அருங்காட்சியக லிஃப்டின் கதவு ஒரு கணம் தாமதமாக மூடுவதாகக் குறை சொன்னாள். அவளுடைய பெட்டியைக் கொண்டுபோய் என் அலுவலறையில் வைத்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் உதவி செய்யத் துடித்தார்கள். நம் வீட்டு வழக்கம் என்ன என்று யோசித்தோம். அப்பா நாளிதழ் படிப்பதைக் காட்டலாம் என்றார். மாமா, பின்பக்கமாக வண்டி ஓட்டலாம் என்றார். ஒன்றும் தேறவில்லை. அவசரம்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நமக்கு உருப்படியாத் தெரிஞ்ச ஒரே கலை வழியனுப்பறதுதான். அதையே செஞ்சு காட்டலாமே."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன்டி. உன் தலைமேல."

"இது நடிப்பும்மா. நடிப்பு கணக்குல சேராது."

அம்மா என்னைப் பார்த்தாள். அப்படியா என்பதுபோல. நானும், சேராது என்று தலையாட்டினேன். சத்தியம் செய்த நாளிலிருந்து தூக்கி வைத்திருந்த முகம் அப்படியே இறங்கி, அதில் ஒரு சின்னக் குறும்பு ஏறியது. உடனே எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அறைதான் வீடு, நடைபாதைதான் தெரு, அந்த இரட்டைக் கதவுதான் வாசல், தள்ளுவண்டிதான் கார் என்று அவளே இடம் பிரித்தாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் காட்சிக்குப் பாட்டுக் குடும்பத்தையும் வழிதவறி வந்த சிலரையும் தவிர ஆள் இல்லை. அம்மா கொஞ்சம் கூச்சப்பட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று முனகினாள். நேரமாகிவிட்டது என்றாள் அவசரம். நேரம் எங்கே ஓடிப்போகப் போகிறது என்றாள் அம்மா. அந்த வரியைச் சொன்னதும் அவளுக்குக் கூச்சம் போய்விட்டது. பிறகு நடந்தது நடிப்பே இல்லை. அப்பா பையைத் திறந்து பார்த்தார். சார்ஜரைக் கேட்டார். அம்மா டப்பாவைத் திணித்தாள். அவசரம் தள்ளினாள். டப்பா அறைக்கும் நடைபாதைக்கும் போய்ப் போய் வந்தது. மாமா தள்ளுவண்டியில் ஒரு காலை ஏற்றி, ஒரு காலைத் தரையில் வைத்து, கிளம்பறேன் அக்கா என்று சொல்லிவிட்டு, யாரோ ஒருவருடைய கிட்னிக் கல் விவரத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

இடுப்பில் குழந்தையை வைத்திருந்த ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சுவரோடு சாய்ந்துவிட்டார். காவலர் ஓடிவந்து ஓவியத்தைக் காப்பாற்றினார். அந்தப் பெண் பேசிய மொழி எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் டப்பாவைக் காட்டி, அவசரத்தைக் காட்டி, வாங்கிக்கொள், இல்லையென்றால் விட மாட்டார்கள் என்று அவர் சைகையில் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. தன் கணவரை இழுத்துக்கொண்டு வரக் கீழே ஓடினார்.

அடுத்த காட்சிக்கு அறை நிறைந்தது. அதற்கடுத்ததற்கு நடைபாதையும் நிறைந்தது. பார்க்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒரு தாடிக்காரர் தானாகவே பக்கத்து வீட்டுக்காரராக மாறி, கேட் வரை வந்துவிட்ட அவசரத்தை நிறுத்தி, எங்கே கிளம்பிவிட்டாய் என்று ஆரம்பித்தார். அவருக்குப் பதில் சொல்லி முடித்தால், அவர் மனைவி வந்து அதே கேள்வியைக் கேட்டார். பார்க்க வந்த இன்னொருவர் வீட்டில் வண்டி தெருமுனை திரும்பும் வரை கையாட்டுவார்களாம், முதலில் கையை இறக்குகிறவர் தோற்றவராம். குரல் போன பாட்டுக் குடும்பத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. மஃப்ளரோடு வரிசையாக நின்று கையாட்டினார்கள். அவசரம் நடைபாதை திரும்பி மறைந்த பிறகும் ஒருவரும் கையை இறக்கவில்லை. அடுத்த காட்சி தொடங்கியபோதும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டுப் பெரிய மேடம் வந்தார். அவர் வாசலில் கால் வைத்த சமயம் பார்த்து அம்மாவின் கையில் டப்பா இருந்தது. அம்மாவுக்குத்தான் வந்தவர் யார் என்ற பேதமெல்லாம் கிடையாதே. நீட்டிவிட்டாள். மேடம் வேண்டாம் என்றார். அம்மா, பார்த்தால் சரியாகச் சாப்பிடாத உடம்பாக இருக்கிறது என்று சொல்லி அவர் கையில் வைத்தாள். மேடம் திருப்பிக் கொடுத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மறுபடி டப்பா போனது, மறுபடி வந்தது, கடைசியில் மேடம் வாங்கிக்கொண்டதும் அறை அதிரும்படி கைதட்டினார்கள். சும்மா எட்டிப் பார்க்கத்தான் வந்தேன் என்று முகம் சிவக்கச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தூணுக்குப் பின்னால் பார்த்தால் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கண்காட்சி அறைக்குள் எதையும் சாப்பிடக் கூடாது என்பது அவர் போட்ட விதி. காவலர் ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானத்துக்கு மேல் இது கட்டிடம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. கீழே வீட்டுக்குக் கிளம்பியவர்களால் கிளம்ப முடியவில்லை. சைக்கிள் கழுவியவர்களும் விரிப்பு மடித்தவர்களும் வாசல் படியில் நின்று, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், இல்லை நீங்கள்தான் முதலில் வர வேண்டும் என்று மன்றாடிக்கொண்டார்கள். குடையை மறந்துவிட்டேன் என்று ஒருவர் திரும்பி வந்தார். அவர் குடையே கொண்டுவரவில்லை. நுழைவாயிலில் நிற்கும் காவலர், எந்த நேரமும் யாராவது ஒருவர் பாதி உள்ளே பாதி வெளியே நிற்பதால் கதவை மூட முடியவில்லை என்று புகார் சொல்லி அனுப்பினார்.

அம்மா அன்றைக்கு ஜொலித்தாள். ஒரு காட்சி முடிந்ததும் தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்தது எப்போது என்று கேட்டாள். அவசரமும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு காட்சியிலும் வாசலில் அம்மா அவள் கையைப் பிடிக்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே வந்தது. முதலில் விரலைப் பிடித்தாள். பிறகு மணிக்கட்டை. பிறகு முழங்கையை. சத்தியத்தையும் மீறாமல் ஆசையையும் விடாமல், மகளைத் தவணை முறையில் வழியனுப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டிருந்ததால் நானும் சிரித்தேன்.

கடைசிக் காட்சிக்கு முன்னால் டாக்ஸி வந்துவிட்டது. அவசரம் என்னை ஓவியங்களுக்குப் பக்கத்தில் இழுத்துப்போய்க் காதைக் கடித்தாள்.

"இந்தக் காட்சியில நிஜமாவே போயிடறேன்க்கா. பெட்டியோட. அம்மா நடிப்புன்னே நெனச்சுக்கட்டும். அவ கண்ணைப் பார்த்துச் சொல்லிட்டுப் போக என்னால முடியாது."

அது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் விமானம் காத்திருக்காது. ரயில் நிலையத்தில் டப்பாவோடு அவள் நின்ற கோலமும் எனக்கு மறக்கவில்லை. சரி என்றேன். அலுவலறைக்குப் போய், அவளுடைய பெட்டியை எடுத்து, முன்பக்க ஜிப்பைத் திறந்து சார்ஜர் இருக்கிறதா என்று பார்த்தேன். நானும் அப்பாவின் பெண்தானே. இருந்தது. மூடிக் கொண்டுவந்து கதவோரம் வைத்தேன்.

காட்சி தொடங்கியது. இவ்வளவு கூட்டத்தை அந்த அறை என்றுமே பார்த்திருக்காது. பெரிய மேடம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பறேன் என்று சொல்லிக்கொண்டே அவசரம் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

அந்தப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் இருந்தது. விமான நிலையத்தில் வேறு யாராவது மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று அம்மாவே கட்டிய ரிப்பன். அம்மா அதைப் பார்த்தாள். எங்கள் திட்டத்தில் நாங்கள் இரண்டு புத்திசாலிகளும் யோசிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று அவள் சொல்லப்போகிறாள் என்று கூட்டம் காத்திருந்தது. அம்மா சொல்லவில்லை. டப்பாவைத் தேடவில்லை. எல்லாம் எடுத்துக்கிட்டியா என்று ஆரம்பித்த அப்பாவைக் கையைக் காட்டி நிறுத்தினாள். நேராக மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"சரி. போயிட்டு வா."

அவ்வளவுதான். அவசரம் வெளியே போனதும் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்திவிட்டு, சாத்திய கதவைப் பார்த்தபடி நின்றாள். எங்கள் குடும்ப வரலாற்றிலேயே இவ்வளவு சீக்கிரம் யாரையும் வழியனுப்பியது கிடையாது. மாமா தள்ளுவண்டியிலிருந்து இரண்டு காலையும் கீழே இறக்கிவிட்டார். பாட்டுக் குடும்பம் தூக்கிய கையை ஆட்டாமல் அப்படியே வைத்திருந்தது. இது காட்சியில் புதிதாகச் சேர்த்த பகுதியா, கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் எங்களைப் பார்த்தது. அம்மாவின் தோள் குலுங்குவது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. நான் செய்த காரியத்துக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் என்றிருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

அம்மா திறந்தாள். பெட்டியோடு அவசரம் நின்றுகொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"சார்ஜரை மறந்துட்டேன்மா."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சுவரில் முறைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட உதட்டைக் கடித்து அடக்கியிருப்பார்கள். உள்ளே வா, தேடிப் பார்க்கலாம் என்றாள் அம்மா. உடனே அத்தனை பேரும் எழுந்து சார்ஜரைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். பெஞ்சுக்கு அடியில், திரைக்குப் பின்னால், குழந்தைகளின் பைக்குள், பெரிய மேடத்தின் கோட் பாக்கெட்டில் எல்லாம் தேடினார்கள். சார்ஜர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த அமளியின் நடுவில் தேடாமல் நின்றவர்கள் இரண்டு பேர். இந்தமுறை அம்மா அவள் கையைப் பிடிக்கவில்லை, அவள்தான் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான்டி" என்றாள் அம்மா. "அதுக்காகப் போகாம இருக்க முடியுமா?"

பிறகு காதோடு ஏதோ சொன்னாள். போன வருஷம் ரயில் நிலையத்தில் முடியாமல் போன விஷயமாக இருக்கலாம். எனக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களையெல்லாம் ஓர் அதட்டு அதட்டினாள். நேரமாகிறது, பிள்ளைக்கு விமானம் தவறிப்போக வேண்டுமா என்றாள். நாங்கள் என்னவோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததுபோல.

அம்மா பெட்டியை உருட்டிக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தாள். கூட்டம் மொத்தமும் பின்னாலேயே வந்தது. அவசரம் லிஃப்டுக்குள் ஏறித் திரும்பி நின்றாள். போயிட்டு வரேன் என்றாள். போயிட்டு வா என்றோம். கதவு மூட ஆரம்பித்தது. பாதியில் திறந்துகொண்டது. மறுபடி மூட வந்தது. மறுபடி திறந்தது. இந்த லிஃப்டில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பெரிய மேடம் காவலரைக் கூப்பிட்டார். அம்மா எட்டி உள்ளே பார்த்தாள். அவசரத்தின் விரல், கதவைத் திறக்கிற பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தது.

"விரலை எடுடி" என்றாள் அம்மா.

அவள் எடுத்தாள். கதவு மூடியது. பாட்டுக் குடும்பம் மூடிய கதவைப் பார்த்துக் கையாட்டியது. எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலைக்கு மேலே எரிந்த அம்புக்குறியைப் பார்த்தோம். முதலில் பார்த்துச் சொன்னவர் மாமாதான்.

"அக்கா, இது மேல போகுது."

உண்மைதான். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பிரித்துப் பூட்டுகிற பெண், கண்ணில் தண்ணீரோடு தப்பான பட்டனை அழுத்திவிட்டிருந்தாள். லிஃப்ட் மேல்மாடி வரை ஏறியது. அங்கே நின்று யோசித்தது. பிறகு இறங்க ஆரம்பித்து, எங்கள் மாடிக்கே வந்து, மணியடித்துக் கதவைத் திறந்தது. உள்ளே பெட்டியும் ரிப்பனுமாக அவசரம், அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து திணறிக்கொண்டு நின்றாள். வெளியே அத்தனை பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

"போயிட்டு வரேன்னா, இவ்வளவு சீக்கிரமாவா வருவாங்க" என்றாள் அம்மா.

பிறகு லிஃப்டுக்குள் கையை நீட்டி, கீழ்த்தளத்துக்கான பட்டனைத் தானே அழுத்தினாள்.